இருக்கைக்குக் கீழே கிடக்கும் நிறை: ஸ்போர்ட்ஸ் காரில் சீற் தாங்கியை இலேசாக்குவது பற்றி

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. திறந்த பிறகும் வரியோடு சேர்ந்த விலை பெரும்பாலானோருக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது. அதனால் யாழ்ப்பாணத்தில் பழைய இரண்டு கதவு ஜப்பான் கார் ஒன்றை வைத்திருப்பவர், அதை விற்றுவிட்டுப் புதிதாக வாங்குவதைவிடக் கையில் இருப்பதைத் திருத்திக்கொள்ளவே பார்க்கிறார். அந்தத் திருத்தங்களில் அலுமினிய சீற் தாங்கியும் ஒன்று. லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருந்து வரும் சொந்தக்காரரின் பெட்டிக்குள் அடங்கிவிடும் சாமான் என்பதால் அதைப் பற்றிய கேள்வியும் அடிக்கடி வருகிறது.

மாற்றினால் ஐந்து கிலோ குறையும் என்கிறார்கள் சிலர். காசுக்குப் பிடித்த கேடு என்கிறார்கள் வேறு சிலர். எதைக் கழற்றி எதைப் போடுகிறோம் என்பதைப் பொறுத்து இரண்டும் சரியாக வரலாம்.

## தாங்கி என்று எதைச் சொல்கிறோம்

கார் இருக்கை ஒன்றைக் கழற்றிப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும். நாலு மூலையில் நாலு போல்ற். கழற்றித் தூக்கினால் கீழே கம்பளத்தில் மணல், ஒரு ஐந்து ரூபாய்க் குற்றி, கொஞ்சம் துருப்பொடி. இருக்கையைக் கவிழ்த்தால் இரண்டு பக்கமும் நீளத்துக்கு ஓடும் உருக்குத் தண்டவாளம், கிறீஸ் காய்ந்து கறுத்த பல்வரிசை, அதை விடுவிக்கும் கம்பி. கையில் தூக்கும்போது பாரம் முழுவதும் அடிப்பக்கமாகத்தான் இழுக்கும். பஞ்சும் துணியும் பெரிய பாரமில்லை.

கம்பனி இருக்கையைக் கழற்றிவிட்டுப் பந்தயப் பாணி இருக்கை போடும்போது இடையில் வரும் பகுதிகள் இவை:

1. கூடு. நாம் உட்காரும் பகுதி. பக்கெற் சீற் என்று சொல்வது முதுகும் அடியும் ஒரே வார்ப்பாக இருப்பதை. ஃபைபர் கிளாஸில் செய்தது பொதுவாக ஆறு முதல் ஒன்பது கிலோ வரும். கார்பன் ஃபைபரில் செய்தது அதில் ஏறத்தாழப் பாதி.
2. பக்கத் தாங்கி. கூட்டின் இரண்டு விலாவிலும் பூட்டும், 'ட' போல மடித்த தகடு.
3. சறுக்குத் தண்டவாளம். இருக்கையை முன்னே பின்னே தள்ள உதவுவது.
4. அடிச்சட்டம். அந்தந்தக் காரின் தரையில் உள்ள நாலு துளைக்கும் பொருந்தும்படி செய்த சட்டம்.

இந்தக் கட்டுரையில் தாங்கி என்று சொல்வது இரண்டாவது முதல் நாலாவது வரையான மூன்றையும் சேர்த்துத்தான். பக்கெற் சீற் வாங்குபவர் கூட்டின் நிறையை மட்டும் பார்க்கிறார். மற்ற மூன்றின் நிறையையும் பெட்டியில் பெரிதாக எழுதியிருக்க மாட்டார்கள்.

## காணாமல் போகும் லாபம்

ஒரு கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். மோட்டார் இல்லாத, கையால் தள்ளும் கம்பனி இருக்கை தண்டவாளத்தோடு 17 கிலோ. அதைக் கழற்றிவிட்டு ஏழு கிலோ பக்கெற் சீற் போடுகிறோம். பத்துக் கிலோ மிச்சம் என்று மனம் கணக்குப் போடும்.

ஆனால் பழைய இருக்கையின் தண்டவாளம் அந்தப் பதினேழுக்குள் அடக்கம். புதியதற்கு எல்லாம் தனியாக வேண்டும். உருக்கு அடிச்சட்டம் நாலு கிலோ, உருக்குச் சறுக்குத் தண்டவாளம் இரண்டரை, உருக்குப் பக்கத் தாங்கிச் சோடி இரண்டரை. மொத்தம் ஒன்பது. கூட்டோடு சேர்த்துப் பதினாறு. இவ்வளவு காசும் பாடும் பட்டு மிஞ்சியது ஒரு கிலோ.

இப்போது அதே கூட்டை, ஒரே ஆள் ஓட்டும் கார் என்பதால் சறுக்கும் தண்டவாளம் இல்லாமல், காரின் துளைகளுக்கு நேரே பொருந்தும் அலுமினியப் பக்கத் தாங்கியில் பூட்டினால் தாங்கி எல்லாம் சேர்ந்து இரண்டு கிலோவுக்குள் அடங்கலாம். மொத்தம் ஒன்பது. மிச்சம் எட்டு. ஒரே கூடுதான், தாங்கி மட்டும் மாறியது. வித்தியாசம் ஏழு கிலோ.

வாங்க முன்னர் நிறுத்துப் பாருங்கள். வெளிநாடு போகிறவர்களின் மிளகாய்த்தூளையும் பனங்கட்டியையும் முப்பது கிலோவுக்குள் அடக்குவதற்காகப் பல வீடுகளில் ஒரு கொழுவித் தராசு கிடக்கும். அதுவே போதும். பழைய இருக்கையை முழுசாக ஒருமுறை, புதியதின் ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொருமுறை நிறுத்துக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

## ஏழு கிலோ குறைந்தால் கார் என்ன செய்யும்

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு இது தெரிந்த விடயம்: விசை மாறாமல் திணிவு குறைந்தால் ஆர்முடுகல் கூடும். வேகம் எடுப்பது, பிறேக் பிடிப்பது, வளைவில் திரும்புவது மூன்றும் இந்த ஒரே விதிக்குள் வருகின்றன. குதிரைவலுவைக் கூட்டினால் முதலாவது மட்டும்தான் நன்றாகும். நிறையைக் குறைத்தால் மூன்றும் நன்றாகும், ரயரும் பிறேக்கும் தேய்வதும் குறையும்.

இந்த யோசனையைப் பிடிவாதமாகப் பின்பற்றிய கம்பனி கொலின் சப்மன் தொடங்கிய லோட்டஸ். 1996இல் விற்பனைக்கு வந்த லோட்டஸ் எலீஸ், அலுமினியத் துண்டுகளைப் பசையால் ஒட்டிய 68 கிலோ அடித்தளத்தில் நின்றது. முழுக் காரும் ஏறத்தாழ 725 கிலோ. மஸ்டா தன் இரண்டு இருக்கை எம்.எக்ஸ்-5 காரில் கிராம் கிராமாகக் குறைப்பதையே ஒரு கொள்கையாக வைத்துக்கொண்டது. அதன் நாலாவது தலைமுறையில் ஜப்பானில் விற்ற மிக எளிய வகை 990 கிலோ.

எங்கள் கணக்குக்கு 1000 கிலோ கார், 75 கிலோ ஓட்டுநர். ஏழு கிலோ என்பது மொத்தத்தில் 0.65 சதவீதம். நூறு கிலோமீற்றர் வேகத்தை எட்டு விநாடியில் எட்டும் கார் என்றால் 0.05 விநாடி குறையும். பெற்றோல் ஒரு லீற்றர் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆக, ஏழு கிலோ என்பது பெற்றோல் ராங்கியில் ஒன்பதரை லீற்றரைக் குறைத்து ஓடுவதற்குச் சமம். பலாலி வீதியில் ஓடும்போது இதை யாரும் உணரப்போவதில்லை. நுவரெலியாவின் மககஸ்தோட்டை மலையேற்றப் போட்டி போல நேரத்தை நுணுக்கமாக அளக்கும் இடத்தில் 0.05 விநாடிக்குப் பெறுமதி உண்டு.

நிறையைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் வேறு இடங்கள் முந்தி வரும். ஈய அமில பற்றறி 12 முதல் 15 கிலோ. லிதியம் வகை அதில் மூன்றில் ஒன்றுகூட வராது. போட்டி நாளில் உதிரிச் சில்லையும் ஜக்கையும் கழற்றி வைத்தால் ஒரு சதமும் செலவில்லை. சில்லில் குறைக்கும் ஒரு கிலோ இருக்கையில் குறைக்கும் ஒரு கிலோவைவிடப் பெரிது. சில்லு முன்னே போவதோடு சுழலவும் வேண்டும், ஸ்பிறிங்குக்குக் கீழே இருப்பதால் பள்ளம் மேட்டில் ரயர் தரையை விடாமல் பிடிப்பதும் அதைப் பொறுத்தது.

இருந்தும் தாங்கியைப் பற்றி இவ்வளவு எழுதக் காரணம் உண்டு. அதில் நிறையைவிடப் பெறுமதியான ஒன்று கிடைக்கிறது.

## உயரம்

அடிச்சட்டம், அதன்மேல் தண்டவாளம், அதன்மேல் பக்கத் தாங்கி என்று அடுக்க அடுக்க ஆளும் மேலே போகிறார். உயரமான ஆள் ஹெல்மெற் போட்டால் கூரை தட்டும். அடுக்கைக் குறைத்து நேரே பூட்டினால் 30 மில்லிமீற்றர் கீழே இறங்குவது சாதாரணம்.

ஓட்டுநரும் இருக்கையும் சேர்ந்து 85 கிலோ. ஸ்போர்ட்ஸ் காருக்குள் இதைவிடப் பெரிய தனிப்பாரம் எஞ்சின் ஒன்றுதான். 85 கிலோவை 30 மில்லிமீற்றர் இறக்கினால் முழுக் காரின் ஈர்ப்பு மையம் ஏறத்தாழ 2.4 மில்லிமீற்றர் இறங்கும். ஈர்ப்பு மையம் என்பது காரின் பாரம் முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி. அது கீழே இருக்க இருக்க வளைவில் கார் சரிவதும், உட்பக்க ரயரின் பாரம் வெளிப்பக்க ரயருக்கு மாறுவதும் குறையும்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். தாங்கி இருப்பது தரையோடு ஒட்டி, காரின் ஈர்ப்பு மையத்துக்குக் கீழே. கீழே உள்ள பாரத்தைக் குறைத்தால் ஈர்ப்பு மையம் மேலேதான் போகும். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 450 மில்லிமீற்றரிலும் தாங்கி 250 மில்லிமீற்றரிலும் இருந்தால், ஐந்து கிலோ தாங்கியைக் கழற்றும்போது மையம் ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக உயரும். ஆகவே ஆளை இறக்காமல் தாங்கியை மட்டும் இலேசாக்கினால் வேகம் எடுப்பதில் வந்த சின்ன லாபத்தில் ஒரு பங்கை வளைவில் திருப்பிக் கொடுக்கிறோம். ஆளையும் இறக்கினால்தான் கணக்கு முழுசாக எங்கள் பக்கம் வரும்.

என் கருத்தில், தாங்கி தெரிவு செய்யும்போது முதலில் கேட்க வேண்டியது எத்தனை மில்லிமீற்றர் இறங்கும் என்பது. எத்தனை கிராம் என்பது அதற்குப் பிறகு.

## அலுமினியம் எப்படி இலேசாகிறது

ஒரே அளவுத் துண்டில் அலுமினியம் உருக்கின் நிறையில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் தாங்கியும் மூன்றில் ஒன்றாகும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி வராது, ஏனென்றால் விறைப்பும் மூன்றில் ஒன்றுதான். விறைப்பு என்பது பாரம் ஏற்றும்போது வளையாமல் நிற்கும் குணம். அதை அளப்பது யங்கின் மட்டு: உருக்குக்கு ஏறத்தாழ 205 கிகாபாஸ்கல், அலுமினியத்துக்கு 70. ஒரே தடிப்பில் இரண்டு தகடும் வெட்டி வளைத்துப் பார்த்தால் அலுமினியம் மூன்று மடங்கு வளையும்.

லாபம் வருவது தடிப்பிலிருந்து. தகடு ஒன்று வளைவை எதிர்க்கும் திறன் அதன் தடிப்பின் மும்மடியோடு ஏறுகிறது. தடிப்பை இரட்டிப்பாக்கினால் விறைப்பு எட்டு மடங்கு. எனவே உருக்கின் விறைப்பை எட்ட அலுமினியத் தகட்டை மூன்று மடங்கு தடிப்பாக்க வேண்டியதில்லை, 1.44 மடங்கு போதும். 1.44ஐ அடர்த்தி விகிதத்தோடு பெருக்கினால் உருக்கின் நிறையில் ஏறத்தாழப் பாதி. ஒழுங்காகச் செய்த அலுமினியத் தாங்கியில் எதிர்பார்க்கக்கூடியது இந்தப் பாதிதான். அதைவிட மிகக் குறைவாக ஒன்று வந்தால் விறைப்பையோ பலத்தையோ விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

சர்வதேச மோட்டார் விளையாட்டுச் சம்மேளனமான எஃப்.ஐ.ஏ.யின் விதியும் இதே வழியில் போகிறது. இருக்கைத் தாங்கி உருக்கு என்றால் குறைந்தது மூன்று மில்லிமீற்றர், இலேசான கலப்புலோகம் என்றால் ஐந்து மில்லிமீற்றர் தடிப்பு இருக்க வேண்டும். இந்த இரண்டையும் நிறுத்தால் அலுமினியத் தகடு உருக்குத் தகட்டின் 57 சதவீதம். மூன்று மில்லிமீற்றர் அலுமினியத் தகட்டைக் காட்டி "இது பந்தயத் தரம்" என்று யாராவது விற்றால் அந்த விதியைச் சொல்லிக் கேளுங்கள்.

விறைப்பு வேறு, பலம் வேறு. வெப்பப் பதனிட்ட நல்ல அலுமினியக் கலவை, உதாரணமாக 6061-ரி6, ஏறத்தாழ 275 மெகாபாஸ்கல் தகைப்பு வரை நிரந்தரமாக வளையாது. சாதாரண மென்னுருக்கின் அளவும் அதற்குக் கிட்டத்தான். ஆனால் அலுமினியத்துக்கு இரண்டு பலவீனம் உண்டு.

முதலாவது, வெல்டிங். சூடு பட்ட இடத்தில் பதனிட்ட பலம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். மேலே பார்த்தால் வெல்டிங் வரி அழகாகத்தான் இருக்கும்.

இரண்டாவது, களைப்பு. திரும்பத் திரும்பச் சின்னப் பாரம் பட்டால் உலோகத்தில் வெடிப்புத் தோன்றும். உருக்குக்கு ஒரு எல்லை உண்டு, அதற்குக் கீழே எத்தனை தடவை ஆட்டினாலும் அது தாங்கும். அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை இல்லை. ஊர் ஒழுங்கைகளில் குலுங்கிக் குலுங்கி ஓடும் கார் ஒவ்வொரு குலுக்கலையும் அந்தத் தகட்டில் எழுதிக்கொண்டே போகிறது.

போர்க்காலத்தில் பெற்றோல் வராதபோது பழைய ஒஸ்ரின் ஏ40 கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்த கராச்சுகள் இந்த மண்ணில் இருந்தவை. கைத்திறனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் பட்டறைகளுக்கு உருக்கை வெட்டி மடித்து ஒட்டுவது கைவந்த கலை, அலுமினியத்தின் நடத்தை வேறு. ஊரில் செய்வதென்றால் ஒட்டாமல், தடித்த தகட்டை வெட்டித் துளைத்துப் போல்றால் இணைக்கும் வடிவம் பாதுகாப்பானது. இல்லாவிட்டால் விளிம்பு மடித்த உருக்குத் தாங்கியே செய்யுங்கள். மடிப்பு விறைப்பைத் தரும், ஒரு கிலோ கூடும், அவ்வளவுதான்.

## துளை போட்டு இலேசாக்கலாமா

இருக்கும் உருக்குத் தாங்கியில் வட்ட வட்டமாகத் துளைப்பது செலவில்லாத வழி. தகட்டின் நடுப்பகுதியில், துளைக்கும் துளைக்கும் இடையில் ஒரு துளை விட்டமாவது இடம் விட்டு, விளிம்பை அரத்தால் மழுப்பிச் செய்தால் கெடுதல் குறைவு. போல்ற் துளைக்குப் பக்கத்திலும் மடிப்பிலும் ஒருபோதும் கை வைக்கக்கூடாது. இவ்வளவு பாடுபட்டும் குறைவது சில நூறு கிராம்தான். நான் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

## மோதும் கணத்தில்

ஓடும்போது தாங்கிக்குப் பெரிய வேலையில்லை. அது இருப்பதே மோதும் அந்த ஒரு கணத்துக்காக.

ஐக்கிய நாடுகளின் வாகன விதி 17, காரின் இருக்கைப் பிணைப்பு ஈர்ப்பைப்போல் இருபது மடங்கு அமர்முடுகலை 30 மில்லிவிநாடி தாங்க வேண்டும் என்கிறது. பத்துக் கிலோ இருக்கை அந்தக் கணத்தில் 200 கிலோவாக இழுக்கும். பல கார்களில் ஆசனப்பட்டியின் கொளுவி இருக்கையோடுதான் பூட்டியிருக்கும். அப்படியானால் ஆளின் இழுப்பில் பெரும்பங்கும் தாங்கிக்கு வருகிறது. முழுவதும் வருவதாகவே வைத்துக்கொண்டால் 85 கிலோ 1700 கிலோவாகிவிடும்.

இந்த இழுப்பு தரையிலிருந்து 300 மில்லிமீற்றர் உயரத்தில் முன்னோக்கி இழுக்கிறது, முன் போல்றுக்கும் பின் போல்றுக்கும் இடையே 350 மில்லிமீற்றர் என்று கொண்டால், பின்னால் உள்ள இரண்டு போல்றையும் ஏறத்தாழ 1450 கிலோ மேலே பிடுங்கும். ஒன்றுக்கு 700 கிலோவுக்கு மேல்.

போல்ற் தாங்குமா? தலையைப் பாருங்கள், 8.8 என்று பொறித்திருக்கும். முதல் எட்டு என்பது 800 மெகாபாஸ்கலில் அறும் என்பதையும், அடுத்தது அதில் எண்பது சதவீதம் வரை இழுபட்டு நிரந்தரமாக நீளாது என்பதையும் காட்டும். எட்டு மில்லிமீற்றர் 8.8 போல்ற் ஒன்று அறுவதற்கு 3000 கிலோ அளவு இழுப்பு வேண்டும். ஆக, நல்ல போல்ற் பிழைத்துக்கொள்ளும். பிய்ந்து வருவது தரைத்தகடு. கார்த் தரை ஒரு மில்லிமீற்றர் அளவு தடிப்புள்ள தகடு. பெரிய வாசர் இல்லாமல் அதில் புதுத் துளை போட்டுப் பூட்டினால் போல்ற் தலையோடு தகடு கிழிந்து மேலே வரும். எஃப்.ஐ.ஏ. விதி ஒரு இருக்கைக்குக் குறைந்தது நாலு பிணைப்பு, எட்டு மில்லிமீற்றர் போல்ற், ஒவ்வொரு பிணைப்பிலும் 40 சதுர சென்ரிமீற்றர் தொடுபரப்பு என்று கேட்பது இதற்காகத்தான். தரைக்குக் கீழே உள்ளங்கையின் பாதி அளவில் ஒரு தகடு வைக்கிறார்கள்.

கம்பனி வைத்த துளைகளைப் பாவித்தால் இந்தப் பிரச்சினை இல்லை, அங்கே தரை ஏற்கெனவே பலப்படுத்தப்பட்டிருக்கும். பொருந்தாத தாங்கியைப் பொருத்துவதற்காகத் தரையில் புதுத்துளை போடுவதுதான் ஆபத்தின் தொடக்கம். போல்றையும் இலேசாக்கப் போகாதீர்கள். அலுமினியப் போல்ற் இந்த இடத்துக்கு உரியதல்ல.

இன்னொரு விடயம் காற்றுப்பை. பல கார்களின் இருக்கை விலாவுக்குள் பக்கக் காற்றுப்பை உண்டு. பக்கெற் சீற் போட்டால் அது போய்விடும், டாஷ்போர்ட்டில் விளக்கும் எரியும். சின்ன மின்தடை ஒன்றைச் செருகி விளக்கை அணைத்துவிடலாம், ஆனால் பையைத் திரும்பக் கொண்டுவர முடியாது. குடும்பத்தோடு கோயிலுக்குப் போகும் காரும் அதுவே என்றால் கம்பனி இருக்கையை விட்டுவிடுவதே என் ஆலோசனை.

## உப்பு

வெளிநாட்டு விளக்கங்களில் அதிகம் பேசப்படாத பகுதி இது, எங்களுக்கு மிக முக்கியமானது. குடாநாட்டில் கடலோ களப்போ எங்கிருந்தும் தூரமில்லை. கசூரினாவில் குளித்துவிட்டு ஈரத்தோடு ஏறி உட்காருகிறோம். உப்புத்தண்ணீர் இருக்கை வழியாக வடிந்து கம்பளத்துக்கும் போல்றுக்கும் போகிறது.

அலுமினியமும் உருக்கும் தொட்டுக்கொண்டிருக்க இடையில் உப்புத்தண்ணீர் நின்றால் அது ஒரு சின்ன பற்றறி. அதில் அரிபடுவது அலுமினியம். போல்ற் துளையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அதுதான் அடையாளம். தகடு பொருமிப் பலவீனமாகும், போல்றின் பிடியும் தளரும்.

இதைத் தடுக்க நைலோன் வாசர் போடுவது பலர் செய்யும் பிழை. பாரத்தின் கீழ் நைலோன் மெல்ல மெல்ல நசிந்து போல்றைத் தளர்த்திவிடும். அனோடைஸ் செய்த (மின்முறையில் மேற்பரப்பில் காப்புப் படலம் ஏற்றிய) தாங்கி, நாகம் பூசிய போல்ற், தொடும் பரப்பில் நல்ல வர்ணமோ அரிப்புத் தடுக்கும் கிறீஸோ, இவை போதும். கிறீஸ் போல்றின் புரிக்குப் போனால் அதே முறுக்கில் போல்ற் கூடுதலாக இழுபடும்; ஆகவே பரப்பில் மட்டும் பூசுங்கள்.

## பூட்டும் ஒழுங்கு

1. பற்றறியின் மறை முனையைக் கழற்றி, காரின் கைநூல் சொல்லும் நேரம் காத்திருங்கள். காற்றுப்பைச் சுற்றில் மின் தேங்கி நிற்கும்.
2. பழைய இருக்கையை எடுத்து, துளைகளின் புரியைத் துடைத்து, போல்ற் கையாலேயே முழுதும் இறங்குகிறதா என்று பாருங்கள்.
3. ஆளை உட்கார வைத்து உயரமும் தூரமும் முடிவு செய்த பின்னரே இறுக்குங்கள். கிளச் முழுதாக மிதிபட வேண்டும், முதுகு கூட்டை விட்டு எழும்பாமல் மணிக்கட்டு ஸ்ரியரிங்கின் மேல்விளிம்பைத் தொட வேண்டும்.
4. ஆசனப்பட்டியின் கொளுவிக்கு அதற்கென்று செய்த இடம் இல்லாத தாங்கியை றோட்டுக் காரில் பூட்டாதீர்கள்.
5. முறுக்கு அளவு காட்டும் ஸ்பானரால் கைநூலில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். எட்டு மில்லிமீற்றர் 8.8 போல்றுக்கு வழக்கமான அளவு 25 நியூட்டன் மீற்றர் அளவில் வரும். கை உணர்வில் இறுக்கினால் இதைத் தாண்டிப்போவது சுலபம்.
6. றோட்டில் ஓடும் கார் என்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதிக் கம்பனியிடமும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இறுக்கி முடிந்ததும் ஒவ்வொரு போல்ற் தலையிலிருந்தும் தகடு வரை வெள்ளை வர்ணத்தால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். முதல் நூறு கிலோமீற்றர் ஓடியபின் ரோச் அடித்துப் பாருங்கள். கோடு முறிந்திருந்தால் போல்ற் திரும்பியிருக்கிறது, கழற்றித் துடைத்து மீண்டும் பூட்டுங்கள். பிறகு மாரி முடிந்ததும் ஒருமுறை, கடலுக்குப் போய்வந்த கிழமையில் ஒருமுறை, துளையைச் சுற்றி வெள்ளைப் பொடியும் மடிப்பில் மயிர்க்கோடு போல வெடிப்பும் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.